இறுகிய போல்ட்டைக் கழற்றும் முறை: மோட்டார் காரின் டைமிங் பெல்ட்டை மாற்றுகையில் அறிய வேண்டியவை

இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில், பெரிய வேலைகளைவிடச் சிறிய தடைகளே மனிதனின் நேரத்தையும் பொறுமையையும் அதிகமாக விழுங்குகின்றன. மோட்டார் காரின் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்குத் தேர்ந்த பணியாளர் ஒருவருக்குச் சில மணி நேரம் போதும். ஆனால் அந்தப் பெல்ட்டை மூடி நிற்கும் கப்பியைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு போல்ட் அசைய மறுத்தால், வேலை முழுவதும் அங்கேயே நின்றுவிடும். பலத்தை மட்டும் நம்பி அதைத் திருக முற்படுகிறவர் போல்ட்டின் தலையை முறித்துவிடக் கூடும். ஸ்பேனர் வழுக்கிக் கை எலும்பை முறித்துக்கொள்ளவும் கூடும். போல்ட் ஏன் இறுகுகிறது என்பதை அறிந்தவர் அதே வேலையைக் குறைந்த பலத்தில், அபாயமின்றி முடித்துவிடுவார். இந்தக் காரணங்களும் அவற்றிலிருந்து பிறக்கும் செய்முறையும் கீழே முறையாக விளக்கப்படுகின்றன.

கழக்கூட்டத்தின் சூழ்நிலை

திருவனந்தபுரத்தின் வடபுறத்தில், பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மீது அமைந்திருப்பது கழக்கூட்டம். 1962-இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியும், 1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கும் இவ்வூரின் பெயரை நாடெங்கும் அறியச் செய்தன. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கடற்கரையை ஒட்டித் தும்பா இருக்கிறது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் வானில் எழுந்தது அங்கேதான்.

ராக்கெட்டாயினும் காராயினும் அதன் பகுதிகளை இணைத்துப் பிடிப்பவை மரையிட்ட ஆணிகளே. அவற்றுக்குப் பெரும் பகை ஈரமும் உப்பும் ஆகும். திருவனந்தபுரம் வட்டாரத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். அரபிக் கடலின் காற்று நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் மழை ஓய்ந்த பின்னரும் இரும்பின் மேற்பரப்பு முற்றிலும் உலர்வதில்லை. ஈரத்தில் கரைந்த உப்பு மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் துருப்பிடிக்கும் இரசாயன நிகழ்ச்சி விரைவாக நடைபெறுகிறது. கழக்கூட்டத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை குளச்சலுக்கும் தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் அப்படியே பொருந்தும். கடலோர ஊர்களில் ஓடும் கார், உள்நாட்டு வறண்ட ஊர்களில் ஓடும் காரைவிட மிகுதியாக இறுகிய போல்ட்டுகளைக் கொண்டிருப்பதில் வியப்பில்லை.

டைமிங் பெல்ட்டின் பணி

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்கிக் கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. வாயு உள்ளே செல்லவும் வெளியேறவும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். எனவே கேம் தண்டிலுள்ள பற்சக்கரத்துக்குக் கிராங்க் தண்டிலுள்ளதைப் போல் இரு மடங்கு பற்கள் உண்டு. இவ்விரண்டையும் வழுக்காமல் இணைப்பதே உட்புறம் பற்கள் கொண்ட ரப்பர்ப் பெல்ட். அதன் உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் புதைந்திருப்பதால் அது நீள்வதில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் ஓடுகையில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது என்பதைக் கணக்கிட்டால், இந்தப் பெல்ட் எவ்வளவு நுட்பமான காவலாளி என்பது விளங்கும்.

முற்காலத்தில் இப்பணியைப் பற்சக்கரங்களும் எஃகுச் சங்கிலியும் செய்துவந்தன. பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட கார்களில் பற்கள் கொண்ட ரப்பர்ப் பெல்ட்டை முதலில் கையாண்டது, மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்த கிளாஸ் 1004 ஆகும். இந்தியாவில் இவ்வமைப்பை வீடுதோறும் கொண்டுசேர்த்தது 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800. அதன் மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட்டே உண்டு. அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் பெல்ட் பூட்டிய எஞ்சின்களைக் கொண்ட பழைய கார்கள் இன்றும் சாலைகளில் ஓடுகின்றன.

ரப்பர் காலப்போக்கில் முதுமையடையும். ஆகையால் காரின் கைநூலில் குறிப்பிட்ட தூரம் ஓடிய பின்னரோ, குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்த பின்னரோ, எது முந்தி வருகிறதோ அப்போது பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். பெல்ட் அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும். கிராங்க் தண்டோ சில சுற்றுகள் தொடர்ந்து சுழலும். பல எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வின் மீது பிஸ்டன் வந்து மோதும். வால்வுகள் வளையும், எஞ்சின் தலையைக் கழற்றும் பெருஞ்செலவு நேரும். எனவே இறுகிய போல்ட்டுக்கு அஞ்சிப் பெல்ட்டை மாற்றாமல் தள்ளிப்போடுவது அறிவுடைமை ஆகாது.

போல்ட் இறுகுவதன் காரணங்கள்

மரை என்பது ஓர் உருளையின் மீது சுற்றப்பட்ட சாய்தளமே. கிராங்க் கப்பியில் பயன்படும் போல்ட்டின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்றும், மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். ஒரு சுற்றில் மரை வழியே ஏறத்தாழ 41 மில்லிமீட்டர் தூரம் நகர்ந்தால்தான் போல்ட் 1.5 மில்லிமீட்டர் முன்னேறும். அதாவது சரிவு 27-க்கு 1. உலோகத்தின் மீது உலோகம் உராயும்போது உண்டாகும் தடை இச்சரிவைப்போல் பல மடங்கு பெரிது. எனவேதான் முறுக்கிய போல்ட் தானாகவே சுழன்று பின்னோக்கி வருவதில்லை. உராய்வு இல்லாத உலகில் எந்தப் போல்ட்டும் நிலைத்திராது.

போல்ட்டைத் திருகும்போது நாம் செலுத்தும் முறுக்கு விசையில் நூற்றுக்குப் பத்துப் பங்களவே போல்ட்டை இழுத்து நீட்டுவதற்குப் பயன்படுகிறது. எஞ்சிய தொண்ணூறு பங்கும் மரையிலும், தலையின் அடிப்புறத்திலும் உராய்வை வெல்வதில் கழிந்துவிடுகிறது. ஆயினும் அந்தப் பத்துப் பங்கே வியப்பூட்டும் பலத்தைத் தருகிறது. மேற்கூறிய போல்ட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், அது ஏறத்தாழ மூன்றரை டன் விசையோடு கப்பியைத் தண்டின் மீது அழுத்திப் பிடிக்கும். போல்ட் உண்மையில் ஒரு மிக விறைப்பான சுருள்வில். மிகச் சிறிதளவு நீண்டு, மீண்டும் சுருங்க முயன்றுகொண்டே இருக்கிறது.

புதிதாக முறுக்கிய போல்ட்டைக் கழற்றுகையில் சரிவு நமக்கு உதவியாக அமைவதால், முறுக்கியதில் ஐந்தில் நான்கு பங்கு விசையே போதும். எனவே 100 நியூட்டன் மீட்டரில் பூட்டிய போல்ட் 80-இல் கழல வேண்டும். அது 250-க்கும் அசையவில்லை எனில், அந்த அதிகப்படியான தடை பிற்பாடு சேர்ந்தது என்பது தெளிவு. அதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது துரு. இரும்பு, நீருடனும் பிராணவாயுவுடனும் சேர்ந்து துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. மரைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் துருவுக்குப் பரந்துகொள்ள இடமில்லை. ஆகவே அது ஆப்பு அடித்தாற்போல் இரு பக்கமும் நெருக்குகிறது. கிராங்க் கப்பி முன்சக்கரத்தை அடுத்துத் தாழ்வாக அமைந்திருப்பதால், சக்கரம் வாரியிறைக்கும் மழை நீர் போல்ட்டின் மீது படுவதற்கு வழியுண்டு.

இரண்டாவது, வேற்று உலோகங்களின் சேர்க்கை. எஃகு போல்ட் அலுமினியப் பாகத்துக்குள் அமர்ந்திருக்கையில் உப்பு நீர் இடையில் புகுந்தால், இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம்போல் ஆகிவிடும். அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்மையான பொடியாக மரைகளை அடைத்துக்கொள்ளும். பெல்ட்டின் மூடி, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றைப் பிடித்திருக்கும் சிறிய போல்ட்டுகளில் இதனைக் காணலாம்.

மூன்றாவது, மரைகளில் பூசப்படும் பசை. காற்றுப் படாத இடத்தில் இறுகும் இவ்வகைப் பசையை 1950-களில் அமெரிக்காவில் வெர்னன் கிரிபிள் என்ற இரசாயனப் பேராசிரியர் உருவாக்கினார். அதிர்ச்சியில் போல்ட் கழலாதிருக்க அது உதவுகிறது. ஆனால் அதன் வலிய வகை, ஏறத்தாழ 250 டிகிரி சென்டிகிரேடுவரை சூடாக்கினாலன்றி இளகுவதில்லை.

செய்முறை

முதற்கண், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். காரை ஜாக்கியினால் உயர்த்திய பின் உறுதியான ஸ்டாண்டுகளின் மீது இருத்தாமல் வேலையைத் தொடங்கலாகாது. நீண்ட கோலால் போல்ட்டைத் தள்ளுகையில் கார் முழுவதுமே பக்கவாட்டில் ஆடும். ஜாக்கியின் மீது மட்டும் நிற்கும் கார் சாய்ந்து உயிரையே பறித்துவிடக் கூடும்.

அடுத்து, போல்ட் எத்திசையில் கழலும் என்பதைக் கைநூலில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெரும்பாலான போல்ட்டுகள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கழலும். ஆயினும் இடப்புற மரை கொண்ட போல்ட்டுகளும் சில இயந்திரங்களில் உண்டு. திசை தவறினால், கழற்றும் முயற்சி முழுவதும் போல்ட்டை மேலும் இறுக்குவதிலேயே முடியும்.

பின்னர் போல்ட்டின் தலையைச் சூழ்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, துரு இளக்கும் எண்ணெயைச் சில துளிகள் இட வேண்டும். பாகுத்தன்மை குறைந்த இந்த எண்ணெய், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல் நுண்துளை ஈர்ப்பினால் மரைகளுக்குள் புகுகிறது. இதற்கு அவகாசம் தேவை. மாலையில் இட்டுக் காலையில் கழற்றுவதே சிறந்தது. எண்ணெயிட்ட பின் போல்ட்டின் தலை மீது சுத்தியலால் நேராக, அளவாக, பலமுறை தட்ட வேண்டும். தட்டும்போது துருப்படலத்தில் வெடிப்புகள் உண்டாகி எண்ணெய்க்கு வழி பிறக்கும். ஒரே பலத்த அடியைவிட அளவான பல அடிகளே பயன் தரும். பலத்த அடி கிராங்க் தண்டின் தாங்கிகளுக்குத் தீங்கு செய்யலாம்.

போல்ட்டைத் திருகினால் கிராங்க் தண்டும் சேர்ந்து சுழலுமாதலால், அதைச் சுழலாமல் பிடிப்பது அடுத்த வேலை. கப்பியைப் பிடிக்கவோ, பறக்கும் சக்கரத்தின் பற்களைப் பூட்டவோ தனிக் கருவிகள் உண்டு. அவையே மிகவும் நம்பகமானவை. அவை கிடைக்காதபோது, கையால் கியர் மாற்றும் கார்களில் உச்ச கியரை இட்டு, உதவியாளர் ஒருவரைக் கால் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் செய்யலாம். உச்ச கியர் ஏன் எனில், தாழ்ந்த கியரில் கிராங்க் தண்டின் முறுக்கு விசை பன்மடங்காகப் பெருகிச் சக்கரத்தைச் சென்றடையும். பிரேக்கினால் அதைத் தாங்க இயலாமல் போகலாம்.

தண்டைப் பிடிப்பதற்குப் பெல்ட்டையே பயன்படுத்துவது பெருந்தவறு. அதன் பற்கள் கிழியும், கேம் தண்டின் நிலையும் மாறிவிடும். அலுமினியக் கப்பியின் விளிம்பில் உளியையோ திருப்புளியையோ செருகி முட்டுக்கொடுப்பதும் தவிர்க்கத்தக்கது; விளிம்பு உடைந்துபோகும்.

இனிப் போல்ட்டின் தலையில் ஆறு முனை கொண்ட கனமான பாக்ஸ் ஸ்பேனரை முழுவதுமாக அமர்த்த வேண்டும். பன்னிரண்டு முனை உடையது தலையின் மூலைகளை மட்டுமே பற்றுவதால் அவற்றை மழுக்கிவிடும். கால் மீட்டர் நீளமுள்ள கைப்பிடியால் 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைத் தர ஏறத்தாழ 100 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான தள்ளுதல் தேவை. கைப்பிடியின் மீது குழாயைச் செருகி ஒரு மீட்டராக நீட்டினால் 25 கிலோகிராம் போதும். நெம்புகோல் தத்துவத்தின் இந்த நன்மையைப் பயன்படுத்துகையில் பணியாளர் உடலின் முழுப் பாரத்தையும் சாய்த்து நிற்கலாகாது. போல்ட் திடீரென விடுபடும்போது நிலைதடுமாறி விழ நேரும். விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுவது நலம்.

முதலில் போல்ட்டை இறுகும் திசையில் மயிரிழையளவு அசைத்துப் பார்த்துப் பின்பு கழற்றும் திசையில் தள்ளுவது அனுபவசாலிகளின் வழக்கம். எத்திசையில் அசைந்தாலும் துருவின் பிடிப்பு உடைகிறது என்பதே இதன் காரணம். போல்ட் அசைந்துவிட்டால் அவசரப்படாமல் எண்ணெயிட்டு, கால் சுற்றுக் கழற்றி, சற்றே மீண்டும் முறுக்கி, மறுபடியும் கழற்ற வேண்டும். அசைந்த இடத்தில் ரப்பரைப்போல் துவண்டு சுழல்வதாகத் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். போல்ட் முறுக்குண்டு அறும் தறுவாயில் இருக்கிறது என்பதன் அறிகுறி அது.

இம்முறைகளுக்கும் இணங்காத போல்ட்டுக்கு அதிர்வு ஸ்பேனர் கைகொடுக்கும். அதனுள்ளே சுழலும் சிறு சம்மட்டி ஒவ்வொரு சுற்றிலும் மோதி, மிகக் குறுகிய நேரத்தில் பெரும் முறுக்கு விசையைத் தருகிறது. கனமான கிராங்க் தண்டு அந்தக் கணநேரத்துக்குள் சுழலத் தொடங்குவதில்லை. ஆதலின் விசை முழுவதும் போல்ட்டின் மீதே செயல்படுகிறது. இதற்கு இடையில் மெல்லிய நீட்டுக்கோல்களைச் சேர்த்தால், அவை முறுக்குண்டு வளைந்து மோதலின் ஆற்றலை விழுங்கிவிடும்.

சூடாக்குதல் கடைசி வழி. எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அலுமினியம் விரிவதால், அலுமினியப் பாகத்தில் சிக்கிய எஃகு போல்ட்டுக்கு வெப்பம் நன்கு உதவும். 14 மில்லிமீட்டர் துளையை 100 டிகிரி சூடாக்கினால், இரண்டுக்கும் இடையே நூறில் ஒன்றரைப் பங்கு மில்லிமீட்டர் வேற்றுமை தோன்றும். துருப்படலத்தை உடைக்க அவ்வளவே போதும். கிராங்க் தண்டும் போல்ட்டும் இரண்டுமே எஃகாதலால் அங்கே இந்நன்மை குறைவு. பசையை இளக்குவதற்கே வெப்பம் பயன்படும். தண்டைச் சூழ்ந்துள்ள ரப்பர் எண்ணெய்த் தடுப்பு கருகிவிடும் என்பதையும், எஞ்சினுக்கருகே பெட்ரோல் ஆவி இருக்கக்கூடும் என்பதையும் மறவாமல், திறந்த சுடரைத் தவிர்த்துச் சூடான காற்றூதியைக் கையாள வேண்டும். இளக்கும் எண்ணெயும் தீப்பற்றக் கூடியதே. எண்ணெயிட்ட இடத்தைத் துடைக்காமல் சூடாக்கலாகாது.

கைப்பிடியைத் தரையிலோ சட்டத்திலோ முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரு கணம் இயக்கிப் போல்ட்டைக் கழற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கைப்பிடி எகிறி முகத்தில் அடிக்கலாம்; எஞ்சின் இயங்கத் தொடங்கியும் விடலாம். இம்முறையை அறவே தவிர்க்க வேண்டும்.

போல்ட்டை விடுவித்த பின்னரே முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சநிலைக்குக் கொண்டுவந்து, பற்சக்கரக் குறிகளைப் பொருத்தி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. இறுகிய போல்ட்டோடு போராடுகையில் கிராங்க் தண்டு சற்றே நழுவுவது இயல்பு. முன்னரே குறிகளைப் பொருத்தியிருந்தால் அவ்வேலை வீணாகும். பெல்ட்டை முன்னரே கழற்றியிருந்தாலோ பிஸ்டன் வால்வில் மோத இடமுண்டு.

மீண்டும் பூட்டுதல்

நன்றாகக் கழற்றுவது பாதி வேலை. அடுத்தவர் எளிதில் கழற்றும்படி பூட்டுவது மறுபாதி. மரைகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். கைநூல் புதிய போல்ட்டை இடச் சொன்னால் பழையதை இடலாகாது. அளவுக்கு மீறி நீண்ட போல்ட் தன் விறைப்பை இழந்துவிட்டிருக்கும். கைநூல் கூறாதபோது மரையில் எண்ணெய் பூசுவதும் சரியன்று. எண்ணெய் உராய்வைக் குறைப்பதால், டார்க் ரெஞ்சு காட்டும் அதே அளவில் போல்ட் அதிகமாக இழுக்கப்பட்டு முறியக் கூடும். குறித்த முறுக்கு விசைக்குக் குறைவாகப் பூட்டுவதும் அவ்வளவே தீது. தளர்ந்த கப்பி தண்டின் சாவியைத் தேய்த்துக் கிராங்க் தண்டையே பாழாக்கிவிடும். பெல்ட்டைப் பூட்டிய பின் எஞ்சினை அது வழக்கமாகச் சுழலும் திசையில் கையால் இரு முழுச் சுற்றுகள் சுழற்றி, குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே எஞ்சினை இயக்க வேண்டும். இடையில் கடினமான தடை தட்டுப்பட்டால் பலம் செலுத்தாமல் நிறுத்திக் குறிகளை ஆராய வேண்டும்.

வகுப்பறையில் செய்துகாட்டத்தக்க பரிசோதனைகள்

தொழிற்பயிற்சி நிலையங்களிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் இப்பாடத்தை எளிய பொருள்களைக் கொண்டு விளக்கலாம். செங்கோண முக்கோண வடிவில் வெட்டிய காகிதத்தை ஒரு பென்சிலின் மீது சுற்றினால், அதன் சாய்ந்த ஓரம் மரையாகத் தோன்றும். மரை ஒரு சாய்தளம் என்பது மாணவர் கண்முன் விளங்கும்.

ஒரே அளவுள்ள நான்கு இரும்பு போல்ட்டுகளில் நட்டுகளைப் பூட்டி, ஒன்றை உலர்ந்த புட்டியிலும், ஒன்றை நல்ல தண்ணீரிலும், ஒன்றை உப்பு நீரிலும் பாதியளவு அமிழ்த்தி வைக்கலாம். நான்காவதற்குக் கிரீஸ் பூசி உப்பு நீரில் வைக்கலாம். ஒரு மாதம் கழித்து ஒவ்வொன்றையும் கழற்றுகையில் ஸ்பேனரின் நுனியில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்தால், தேவைப்படும் விசையை எண்ணாகவே குறித்துக்கொள்ள முடியும். அந்த எண்ணைக் கைப்பிடியின் நீளத்தால் பெருக்கினால் முறுக்கு விசை கிடைக்கும். உப்பும் ஈரமும் செய்யும் வேலையையும், கிரீஸ் தரும் பாதுகாப்பையும் மாணவர் தாமே கணக்கிட்டு அறிவர்.

இறுகிய போல்ட்டைப் பணியவைப்பது அவகாசமும், சரியான கருவியும், காரணத்தை அறிந்த கையுமே ஆகும். கடலோர ஊர்களில் பணிபுரிவோர் மழைக்காலம் தொடங்கும் முன்பே வாகனங்களின் மூடிகளைச் சோதித்து, உடைந்தவற்றை மாற்றி, வெளியில் தெரியும் மரைகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சிட்டு வைப்பார்களாயின், அடுத்த முறை பெல்ட்டை மாற்றும் நாளில் வேலை பாதியாகக் குறையும்.